பட்டாளத்து லைனில் பிறந்தவரும் வெறுங்காலோடு வந்தவரும்

சாரல் சீசனில் எங்க வீ.கே.புதூர் பக்கம் தரை காயவே காயாது. அந்த ஈரத்துல வெறுங்காலோட பந்து விளையாடினவங்களுக்குத் தெரியும், கட்டைவிரலை ஊன்றினாத்தான் நிற்க முடியும். எங்களுக்கு அது வீரமெல்லாம் கிடையாது. பூட்ஸ் வாங்கக் காசில்லை, அவ்வளவுதான்.

அதனாலேயோ என்னவோ, பழைய புகைப்படம் ஒன்று மனசை விட்டுப் போகமாட்டேங்குது. வெள்ளைக்காரப் பயிற்சியாளர் ஒருவர் குனிந்து, ஓர் இந்திய ஆட்டக்காரரின் காலுக்குத் துணிக்கட்டு போடுகிறார். ஆட்டக்காரர் கல்கத்தாவின் முகமது சலீம். இடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள செல்டிக் கிளப். வருஷம் 1936.

சலீமைப் பற்றிப் பலரும் எழுதியாச்சு. எனக்கு வந்த கேள்வி வேற. வெறுங்காலோடு வந்து நின்றவரைத் திருப்பி அனுப்பாமல் மைதானத்தில் இறக்கிவிட்ட மேனேஜர் யார்?

அவர் பெயர் வில்லி மேலி. 1868-ல் அயர்லாந்தின் நியூரி ஊரில், பட்டாளத்துக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் சார்ஜென்ட். பையன் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதி அப்போது பிழைப்புத் தேடி வந்த ஐரிஷ்காரர்களால் நிரம்பியிருந்தது. அங்கே பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டத்தான் வால்ஃப்ரிட் என்ற ஐரிஷ் துறவி 1887-ல் செல்டிக்கைத் தொடங்கினார். நம்ம ஊர்ல அன்னதானத்துக்கு வசூல் பண்ற மாதிரி, ஆட்டம் வைத்து வசூல்! அவர் ஆள் சேர்க்க மேலி வீட்டுக்குப் போனது அண்ணன் டாமைத் தேடித்தான். தம்பி வில்லி சும்மா கூட இருந்தவர். நீயும் வாயேன் என்று கூப்பிட்டார்கள். 1888 மே 28-ல் ரேஞ்சர்ஸை 5–2 என்று வென்ற முதல் ஆட்டத்திலேயே வில்லி ஆடினார். 1892-ல் கிளப் முதல்முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றபோதும் அணியில் இருந்தார். பிறந்தது அயர்லாந்து, ஆனால் 1893-ல் ஸ்காட்லாந்து அணிக்காக இரண்டு ஆட்டங்கள்.

இங்கேதான் காசு விவகாரம் வருகிறது. பந்தாட்டத்துக்குக் கூலி வாங்குவதை இங்கிலாந்து 1885-லேயே ஒத்துக்கொண்டது. ஸ்காட்லாந்து 1893 வரை பிடிவாதம் பிடித்தது. பிடிவாதம் காகிதத்தில்தான். பெயருக்கு அமெச்சூராக இருந்த செல்டிக்கின் நட்சத்திரம் ஜேம்ஸ் கெல்லி சீக்கிரமே மதுக்கடை முதலாளி ஆகிவிட்டார். ஆடுறவனுக்குக் காசு போய்க்கிட்டுத்தான் இருந்தது, பேர் மட்டும் வேற. எனக்கு இதில் தப்பு தெரியலை. வாரம் முழுக்க உழைக்கிறவன் சும்மா ஆட வேண்டும் என்று சொல்வது வசதியுள்ளவன் பேச்சு.

ஆனால் கூலி வந்ததும் அன்னதானம் பின்னால் போனது. 1897-ல் செல்டிக் லிமிடெட் கம்பெனி ஆனது. கணக்கு வேலை பழகிய மேலி அதன் செயலாளர்–மேனேஜர் ஆனார். 43 வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்த நாற்காலியில் இருந்தார். 16 லீக் பட்டங்கள்.

அந்த மேலிக்கு 68 வயது இருக்கும்போதுதான் சலீம் வருகிறார். 1934-ல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய கிளப் முகமதன் ஸ்போர்ட்டிங். அதன் ஆட்டக்காரர் சலீம். உறவினர் ஒருவர் கப்பலில் கூட்டிவந்து செல்டிக் வாசலில் நிறுத்தினார். பூட்ஸ் போட மாட்டார் என்பதையும் சொன்னார். மேலி சோதித்துப் பார்த்தார், ஆள் தேறிவிட்டார். இரண்டாம் அணிக்காக இரண்டு ஆட்டம். ஹாமில்டனை 5–1, கால்ஸ்டனை 7–1 என்று செல்டிக் வென்றது. பத்திரிகைகள் அவரை வித்தைக்காரர் என்றே எழுதின. (பாராட்டுதான். ஆனாலும் இந்தியன் என்றால் வித்தைக்காரன்தானா?)

சலீமுக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. இருக்கச் சொல்லியும் கேட்காமல் கிளம்பினார். அவருக்காக ஓர் ஆட்டம் வைத்து, வசூலில் 5 சதவீதம் தருவதாகக் கிளப் சொன்னதாகவும், அதை அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கிளப்பே அப்படித் தொடங்கியதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. ஊர் திரும்பி, கூலி இல்லாத கல்கத்தா லீக்கில் மறுபடி ஆடினார்.

மேலியின் முடிவும் காசில்தான் போய் நின்றது. 1938 பொன்விழா விருந்தில் கிளப் அவருக்கு 2,500 கினி கொடுத்தது. அதற்கு வருமான வரியை யார் கட்டுவது என்று இயக்குநர்களோடு தகராறு. 1940 தொடக்கத்தில் மனக்கசப்போடு வெளியேறினார். 1958-ல் காலமானார்.

சலீம் 1980-ல் இறந்தார். அவர் நோயில் கிடந்தபோது, மருத்துவத்துக்குப் பணம் வேண்டும் என்று மகன் செல்டிக்குக் கடிதம் எழுதினார். காசுக்காக இல்லை, அப்பாவை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் எழுதினேன் என்றார் பின்னாளில். 100 பவுண்டுக்கு டிராஃப்ட் வந்தது. அதை அவர் வங்கியில் போடவே இல்லை.