விருத்தாசலம்

விருத்தாசலம், கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் உள்ள வட்டத் தலைநகர். பழம்பெயர் திருமுதுகுன்றம். விழுப்புரம்–திருச்சி இருப்புப்பாதையில், சேலத்துக்கும் கடலூருக்கும் பாதைகள் பிரியும் சந்திப்பு. பீங்கான் தொழிலால் பெயர் பெற்றது.

பெயரில் குன்று உண்டு, ஊரில் இல்லை. பழமலைநாதர் கோயில் சமதளத்தில் நிற்கிறது. மலை மண்ணுக்கடியில் மறைந்திருப்பதாகத் தலமரபு சொல்லும். 10ஆம் நூற்றாண்டில் கோயிலைக் கற்றளியாக்கியவர் கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவி. சுந்தரர் தாம் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தது பெரியபுராணச் செய்தி.

மண்ணுக்கடியில் நிலவியலார் கண்டது பழங்கடலின் தரையை. 1840களில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் கல்லாகிப்போன கிளிஞ்சல்களைத் திரட்டினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை இனம் பிரித்து விவரித்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பிளான்ஃபோர்டு, அன்றைய தென்னார்க்காடு, திருச்சி மாவட்டப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார் (1862). விருத்தாசலத்தை ஒட்டிய பாறைகள் இவற்றுள் இளையதான அரியலூர்த் தொகுதியைச் சேர்ந்தவை. கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதிப் பகுதியில், 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் படிந்தவை. அதே துறையின் ஸ்டோலிச்கா இத்தொகுதிகளின் உயிரெச்சங்களைப் பற்றி எழுதிய பெருநூல் வரிசை இன்றும் ஆய்வாளர் கையை விட்டு நீங்காதது. இத்தனை சிறப்புள்ள பாறைகளைப் பற்றி ஊரில் ஒரு பலகையாவது வைக்கத்தக்கது.

கிழக்கே இவற்றின்மேல் கடலூர் மணற்கல் படர்ந்துள்ளது. அதனிடையே மயோசீன் காலப் பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின், நிலக்கரிக்கு மேல் கிடந்த அடுக்குகளை அகற்றுகையில் வெண்களிமண்ணும் கிடைத்தது. விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் பெருகக் காரணம் இம்மண்ணே.

கடலூரிலிருந்து ரயிலில் வருவோர் நிலம் மாறுவதைச் சன்னல் வழியே காணலாம். நெய்வேலியைச் சுற்றிச் செம்மண், முந்திரிக்காடு, பலா, மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லை. பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள். தோப்புகளில் மயிலும் கீரியும். விருத்தாசலம் தாண்டித் திட்டக்குடிப் பக்கம் போனால் கரிசல், பருத்தி, மக்காச்சோளம். ஆங்கிலேயர் காலத்து வெலிங்டன் ஏரியில் நீர் நிற்கும் மாதங்களில் கொக்கும் நாரையும் இறங்கும். செம்மண் நிலத்து முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் ஊரின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்கள் உழவர்க்குப் பெருந்துணை.

அருகே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்னும் முருகன் கோயில் உள்ளது. களவு, கடன், பாகத் தகராறு எனத் தம் குறைகளைத் தாளில் எழுதி மக்கள் முருகனிடம் பிராது கட்டுகின்றனர். வழக்குமன்றம் ஏற வசதியில்லாத சிற்றூர் மக்களுக்கு இது உண்மையான ஆறுதல்.

தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல், பொம்மை முதலியன செய்யப்படுகின்றன. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்குண்டு. பிளாஸ்டிக் மின்பொருள்களின் வரவால் தொழில் நெருக்கடியில் உள்ளது.