பதினாறு மடங்கும் பன்னிரண்டு குழந்தைகளும்

பிறருக்குக் கேளாத குரல் தனக்குக் கேட்கிறது என்று குழந்தை சொன்னால் மனநல மருத்துவரிடம் உடனே செல்லுங்கள் என்பார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணம், அது பின்னாளில் வரும் மனச்சிதைவுக்கு முன்னறிகுறி என்பது. முடிவு சரி, காரணம் தவறு. அக்காரணம் பெற்றோரை அச்சத்தால் வீட்டிலேயே முடக்கவும் கூடும் என்று கருதுகிறேன்.

இக்கருத்துக்கு ஆணிவேர் நியூசிலாந்தின் டனீடின் ஆய்வு. 1972-73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த அவ்வாய்வு, 11 வயதில் வலுவான அறிகுறி இருந்தவர்களுக்கு 26 வயதில் மனச்சிதைவை ஒத்த நோய் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 16 மடங்கு என்று 2000இல் அறிவித்தது. எண்ணை எடுத்தாள்வோர் பலர். அட்டவணை வரை செல்வோர் சிலரே. கணக்கில் வந்த 761 பேரில் 'வலுவான' பிரிவில் இருந்தவர்கள் 12 பேர். அவர்களுள் அந்நோய் கண்டவர்கள் கால்பங்கு, அதாவது மூவர்.

இதைவிட முக்கியமானது வினாப்பட்டியல். அறிகுறியை அளக்கக் குழந்தைகளிடம் கேட்கப்பட்டவை ஐந்து: பிறர் உன் மனத்தைப் படித்ததுண்டா, வானொலியிலோ தொலைக்காட்சியிலோ உனக்கென்றே செய்தி வந்ததா, யாரேனும் பின்தொடர்ந்து உளவு பார்க்கிறார்களா, பிறருக்குக் கேளாத குரல் கேட்டதா, உடலுக்குள் ஏதேனும் புகுந்ததா அல்லது உடல் விசித்திரமாக மாறியதா. குரலைப் பற்றியது ஒன்றே ஒன்று. 'குரல் கேட்கும் குழந்தைக்கு 16 மடங்கு ஆபத்து' என்ற வாசிப்பை மூலமே தாங்கவில்லை.

எண்ணிக்கை சிறிதென்பதால் கண்டுபிடிப்பே பொய் என்று நான் சொல்லவில்லை. அதே குழுவை 38 வயதில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 11 வயதில் அறிகுறி இருந்தவர்களிடம் மனச்சிதைவோடு, கொடும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறும் தற்கொலை முயற்சியும்கூட மிகுந்திருந்தன. நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது இதைத்தான். அக்குழந்தைகளின் துன்பம் ஒரே நோயின் பெயருக்குள் அடங்கவில்லை.

எதிர்முனையில் நிற்போர், 9 முதல் 12 வயதினரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினருக்கு இத்தகைய அனுபவம் உண்டு என்ற 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வைக் காட்டி, தானே போய்விடும், காத்திருங்கள் என்கின்றனர். பலருக்குப் போய்விடும்தான். ஆனால் எதிரே நிற்கும் இந்தக் குழந்தைக்குத் தூக்கமில்லையா, வலிப்பா, காய்ச்சலா, யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்பதைச் சராசரி சொல்லாது. 2007இல் விவரிக்கப்பட்ட, என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் மூளை அழற்சியும் இப்படித் தொடங்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, தாமதம் கேடு.

மருத்துவரிடம் போனாலே மாத்திரைதான் என்ற மறுப்பில் வலுவில்லை. நோய் உறுதிப்படாத நிலையில் மனச்சிதைவு மருந்தைத் தரக்கூடாது என்று 2013இன் பிரிட்டிஷ் வழிகாட்டு நெறியே விலக்கியிருக்கிறது.

ஆகவே 'இவனுக்கு மனச்சிதைவு வருமா' என்று முதலில் கேட்பதை விடுவோம். குரல் என்ன சொல்கிறது, எப்போது தொடங்கியது, அவன் யாருக்கு அஞ்சுகிறான் என்று கேட்போம். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்று அவன் சொன்னால், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.