போதிகை சொல்லும் வயது

காஞ்சியைப் பார்த்துவிட்டு எழுதிய வெளியூர்க்காரர்களில் சீனப் பயணி யுவான் சுவாங் மூத்தவர். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் அவர் வந்தபோது கயிலாசநாதர் கோயிலே எழும்பியிருக்கவில்லை. 1876-இல் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பெர்குசனோ, தெற்கத்திக் கோயில்களில் வெளிக்கோபுரம் ஓங்கி நிற்க உள்ளே விமானம் சிறுத்துப் போவதைப் பெரிய குறையாகச் சொன்னார். அது ஐரோப்பியக் கண். மூலவரைத் தேடி வாசல் வாசலாகக் கடந்து போகிறவருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

நம் கோயிலை நம் சொற்களைக் கொண்டே படித்த வெளியாள், புதுச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ஜுவோ துப்ரேய். வேலையிலிருந்த ஸ்தபதிகளிடம் போய், ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் கேட்டார். கல்வெட்டால் காலம் தெரிந்த கோயில்களை வரிசைப்படுத்தி, அந்த உறுப்புகள் எப்படி மாறின என்று பார்த்தார். கரையும் கோர்வையும் பார்த்தே காஞ்சிப் பட்டை நாம் அடையாளம் சொல்வதில்லையா, அதே வித்தைதான். 1914-இல் பிரெஞ்சில் நூல் வந்தது.

தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருக்கிற போதிகையைப் பாருங்கள். பல்லவர் போதிகை அலை அலையாகச் சுருண்டிருக்கும். சோழர் காலத்தில் அது சாய்வாக வெட்டுப்பட்டு, நடுவில் ஒரு முனை நீட்டுகிறது. விஜயநகரத்தில் அந்த முனையே வளைந்து மொட்டாகத் தொங்குகிறது. கொடுங்கையில் லாட வடிவில் இருக்கும் ‘கூடு’ என்ற வளைவின் உச்சியும் அப்படியே: பல்லவரிடம் மண்வாரி வடிவம், சோழரிடம் சிங்கமுகம். கல்வெட்டே இல்லாத கோயிலுக்கும் இதைக்கொண்டு ஏறக்குறையக் காலம் சொல்லலாம். பல்லவ மன்னன் ராஜசிம்மனின் கயிலாசநாதர் கோயிலையும் வரதராஜப் பெருமாளின் நூற்றுக்கால் மண்டபத்தையும் ஒரே நாளில் பார்த்தால், சுமார் எண்ணூறு ஆண்டு மாற்றம் கண்ணெதிரே நிற்கும். வேறெந்த ஊரில் இது இவ்வளவு எளிது!

1931-இல் அதே கயிலாசநாதர் கோயிலில், பிராகாரத்துச் சிற்றாலயங்களின் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல்லவர் ஓவியம் இருப்பதையும் துப்ரேயே கண்டுபிடித்தார். உமையும் குழந்தை முருகனுமாகச் சிவன் அமர்ந்திருக்கும் சோமாஸ்கந்தர் அதில் ஒன்று. சுத்தம் என்று எண்ணி நாம் அடித்த வெள்ளைதான் அதை மூடியிருந்தது. இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம் வண்ணமும் சில கோடுகளுமே. போகிறவர்கள் சிற்றாலயங்களுக்குள் எட்டிப் பாருங்கள். சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள்.