பகைவர் அவையில் ஒரு பிணையாள்

1795இல் உருசியா, பிரசியா, ஆத்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் போலந்தை முற்றாகப் பங்கிட்டுக்கொண்டன. பறிமுதலான குடும்ப நிலங்களை மீட்கும்பொருட்டு, சார்த்தோரிஸ்கி குலத்து இளைஞர் ஆதாமும் அவர்தம் தம்பியும் பேரரசி கத்தரீனின் அவைக்குப் பிணையாட்களாக அனுப்பப்பெற்றனர். அங்கே பேரரசியின் பெயரர் அலெக்சாந்தர் ஆதாமுக்கு நண்பரானார். 1801இல் நண்பர் அரியணை ஏறினார். 1804இல் பிணையாள் உருசியாவின் வெளியுறவு அமைச்சரானார்.

நாட்டை விழுங்கிய பேரரசுக்கே பணிபுரிந்தவர் என்னும் பழி அவருக்கு உண்டு. ஆயினும் அப்பதவிகளுள் ஒன்றை அவர் தம் மக்களுக்காகவே ஆண்டார். 1803 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் வில்னா கல்வி மண்டலத்தின் பொறுப்பாளராக இருந்து, உருசிய ஆட்சிக்குள்ளேயே போலந்து மொழிக்கல்வியை வளர்த்தார். பெருங்கவிஞர் மிக்கேவிச் பயின்றது அவ்வில்னா பல்கலைக்கழகத்திலேதான். அன்னை இசபெலாவோ 1801இல் புவாவியில் தேசிய நினைவுப்பொருள்களுக்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். இத்தாலியில் மகன் வாங்கிய லியனார்டோ டாவின்சியின் ஓவியமும் அன்னையின் தொகுப்பில் சேர்ந்தது.

1830இல் போலந்து கிளர்ந்தெழுந்தபோது, அறுபது வயதை எட்டிய ஆதாம் தேசிய அரசின் தலைமையை ஏற்றார். எழுச்சி ஒடுக்கப்பட்டது, அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிரான்சில் புகலடைந்து, 1861இல் அங்கேயே மறைந்தார்.

எந்நிலங்களுக்காகப் பிணையாளாகச் சென்றாரோ, அந்நிலங்கள் மீண்டும் பறிபோயின. அன்னையின் தொகுப்போ பிழைத்தது. மகன் விளாதிஸ்லாவ் அதனைக் கிராக்கோ நகரில் அருங்காட்சியகமாக நிறுவினார்.