பச்சையப்பர் பள்ளிக்கூடத்தின் வரலாறு



காலைப் பெரட்டு முடிந்ததும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார், போகும் வழியில் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் விட்டுச் செல்வதைப் பார்த்தே ரிங்லெட் மலையில் நாம் வளர்ந்தோம். பின்னர் அதே போன்றதொரு பள்ளியில் ஆசிரியராகவும் ஆனோம். ஒரு நாள் நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், பள்ளிக்கூடம் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டான். அரசாங்கத்துக்கா, தோட்டத்துக்கா, பெற்றோருக்கா என்று உடனே சொல்ல நமக்கு நா எழவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது நம் நினைவுக்கு வந்தது சென்னைப் பட்டணத்தில் எழுந்த ஓர் ஆண்கள் பள்ளியின் வரலாறு. அதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பச்சையப்ப முதலியார் 1754ஆம் ஆண்டில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை காலமாகிவிட்டார். இரண்டு பெண் குழந்தைகளோடும் கைக்குழந்தையோடும் தாய் பூச்சியம்மாள் பெரியபாளையத்தில் பிறர் ஆதரவில் காலம் கழித்தார். அந்த ஆதரவும் போனபின் குடும்பம் சென்னைக்கு வந்தது. அங்கே நாராயண பிள்ளை என்னும் பெரியவர் அவர்களுக்கு இடம் கொடுத்தார். சிறுவன் பச்சையப்பனுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்கும் வாய்ப்பும் அவரால் கிடைத்தது. கைம்பெண்ணின் மகன் ஒருவன் முன்னுக்கு வருவதற்கு முதற்படி, யாரோ ஒருவர் திறந்துவிட்ட கதவுதான் என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

வளர்ந்தபின் பச்சையப்பர் துபாஷியாக வேலை பார்த்தார். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். ஆங்கிலேயருக்கும் நம் நாட்டவருக்கும் இடையே நின்று பேச்சையும் வாணிகத்தையும் நடத்தித் தருபவர் அவர். சென்னையிலும் தஞ்சாவூரிலும் பச்சையப்பர் பெரும்பொருள் ஈட்டினார். நாற்பது வயதில் நோய்வாய்ப்பட்ட அவர், தம் செல்வத்தின் பெரும்பகுதியைக் கோயில்களுக்கும் தருமங்களுக்கும் எழுதிவைத்தார். 1794ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் திருவையாற்றில் உயிர் நீத்தார்.

உயில் எழுதியாயிற்று, ஆனால் தருமம் நடந்ததா? இல்லை. சொத்தைப் பற்றிய வழக்கும் பிணக்கும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. கடைசியில் சென்னை உச்ச நீதிமன்றம் இதில் தலையிட்டது. அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் மிகுந்த அக்கறை காட்டினார். ஒரு இலட்சம் வராகன் கோயில் தருமங்களுக்கென ஒதுக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் வட்டி சேர்ந்து பெருகியிருந்த மிச்சப் பணத்தை ஏழை இந்துச் சிறுவர்களின் கல்விக்குச் செலவிடலாம் என்று முடிவாயிற்று. பொறுப்பை ஏற்க இந்து அறங்காவலர் குழு ஒன்றும் அமைந்தது.

இதில் இன்னொரு செய்தி உண்டு. இந்த ஏற்பாட்டைக் காகிதத்தோடு விட்டுவிடவில்லை. தருமம் நடக்க வேண்டிய கோயில்களில் கல்வெட்டாகவும் பொறித்து வைத்தார்கள். எவ்வளவு பணம், எதற்காக, யார் பொறுப்பு என்பதைக் கோயிலுக்கு வரும் எவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். காஞ்சிபுரத்தில் அத்தகைய கல்வெட்டை இன்றும் காணலாம்.

இவ்வாறு 1842ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சென்னைக் கறுப்பர் பட்டணத்தில் பச்சையப்பர் பள்ளி தொடங்கிற்று. கொடையாளி இறந்து ஏறத்தாழ 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆங்கிலம், தமிழ், தெலுங்கு ஆகியவற்றில் தொடக்கக் கல்வி இலவசமாக அளிக்கப்பட்டது. பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பினர்.

அந்நாளில் சென்னையில் ஆங்கிலம் கற்க வேறு வழி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அரசாங்கத்தின் உயர்நிலைப் பள்ளி 1841இல் தொடங்கியிருந்தது. கட்டணம் செலுத்த வசதியுள்ளவர்களுக்கு அது உதவிற்று. ஸ்காட்லாந்துப் பாதிரிமார்கள் 1837இல் தொடங்கிய பள்ளியும் இருந்தது. அங்கே கல்வியோடு கிறிஸ்தவ சமய போதனையும் சேர்ந்திருந்ததால் பல பெற்றோர் தயங்கினார்கள். அரசாங்கத்தையும் பாதிரிமாரையும் சாராமல் நம்மவர் பணத்தில், நம்மவர் நிர்வாகத்தில் நடந்த பள்ளி என்பதே பச்சையப்பர் பள்ளியின் தனிச்சிறப்பு.

1846இல் புதிய கட்டடத்துக்கு நார்ட்டன் அடிக்கல் நாட்டினார். 1850இல் ஆளுநர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் அதைத் திறந்துவைத்தார். கிரேக்க நாட்டு ஏதென்சு நகரத்துக் கோயில் ஒன்றைப் போல உயர்ந்த தூண்களோடு எழுந்த அந்தப் பச்சையப்பர் மண்டபம், உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம் இன்றும் நிற்கிறது. 1889இல் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. 1940இல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு மாறிற்று. கணித மேதை இராமானுஜன் 1906இல் இங்கே சேர்ந்து படித்தார். தேர்வில் வெற்றி பெறவில்லை என்பதும் உண்மை. பின்னாளில் தமிழ்நாட்டு முதலமைச்சரான அறிஞர் அண்ணாவும் இக்கல்லூரி மாணவரே.

நேயர்களே, இதுவரை கேட்டது பெருமைக்குரிய கதை. ஆயினும் வரலாறு சொல்பவர் பாதியை மறைக்கக் கூடாது. இந்தப் பள்ளியின் கதவு ஏழைகளுக்குத் திறந்திருந்தது. ஆனால் எல்லா ஏழைகளுக்கும் அல்ல. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் 1920களின் பிற்பகுதி வரை இங்கே சேர முடியவில்லை. 1947 வரை இந்து அல்லாதவருக்கும் இடமில்லை. தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலர் அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. நம் பாட்டன்மார் அன்று சென்னையில் இருந்திருந்தால் அந்த உயர்ந்த தூண்களை வெளியே நின்றுதான் பார்த்திருப்பார்கள். சட்டமும் சமுதாயக் கிளர்ச்சியும் சேர்ந்துதான் அந்தக் கதவை மெல்ல மெல்லத் திறந்தன.

இங்கே நம் நாட்டுப் பள்ளி ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். பினாங்கில் 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் முயற்சியால் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கிற்று. பிரீ என்றால் கட்டணம் இல்லை என்று பலர் எண்ணுவர். இன, சமய வேறுபாடின்றி யாவரும் சேரலாம் என்பதே அதன் கருத்து. துங்கு அப்துல் ரஹ்மானும், மஞ்சூரியாவில் கொள்ளைநோயை ஒடுக்கிய டாக்டர் வூ லியன் தேவும் அங்கே பயின்றவர்கள். பினாங்கில் கதவு திறந்திருந்தது, கட்டணம் தடுத்தது. சென்னையில் கட்டணம் இல்லை, சாதி தடுத்தது. ஒரு தடையை நீக்கியதும் வேலை முடிந்துவிட்டதென்று இருந்துவிடக் கூடாது என்பதையே இவ்விரு பள்ளிகளும் நமக்குச் சொல்கின்றன.

நம் தோட்டப் பள்ளிகளுக்கு எந்தச் செல்வரும் உயில் எழுதவில்லை. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் தோட்டத்தில் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. அதனால் ஆயாக் கொட்டகையிலும் லயத்து ஓரத்திலும் பள்ளிகள் எழுந்தன. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ வாத்தியாராக இருந்தார். ஆயினும் அங்கே ஒரே பலகையில் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் உட்கார முடிந்த இடங்களில், தூண்கள் இல்லாத அந்தக் கொட்டகை பச்சையப்பர் மண்டபத்தை விட ஒரு படி உயர்ந்தே நின்றது.

பெற்றோர்களே, பள்ளிக்கென்று நீங்கள் பத்து வெள்ளி கொடுத்தாலும் அதன் கணக்கைக் கேளுங்கள். கேட்பது அவமதிப்பு ஆகாது. கணக்குக் கேட்க ஆளில்லாததால் பச்சையப்பரின் தருமம் அரை நூற்றாண்டு முடங்கிக் கிடந்தது. கல்லில் எழுதி எல்லாரும் காண வைத்தபின் அது நிலைத்தது. அதுபோலவே, புதிதாகத் தோட்டத்துக்கு வரும் குடும்பத்தின் பிள்ளை பள்ளிக்கு வரத் தயங்கினால், அதன் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.

அந்த மாணவனுக்கு மறுநாள் இப்படித்தான் விடை சொன்னோம்: "தம்பி, பணம் யாருடையதாகவும் இருக்கலாம். அதைக் காக்கிறவர்களுக்கும், அதில் படிக்கிற உனக்கும், நாளை வரப்போகிற பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் சொந்தம்." அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் உடைந்த சன்னலை நாம்தான் சரி செய்யணும், சார்" என்றான். அந்த வாரமே அவன் தகப்பனார் சுத்தியலோடு வந்து சேர்ந்தார்.