ஓவியம் பார்க்க வந்தவர்களும் 1795-ம்

எனக்கு ஆண்டுகள் மனதில் நிற்பதில்லை. ஆனால் 1795 மட்டும் மறக்காது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் "போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர்" என்று வரிசையாக ஒப்புவித்தது உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். அந்த வரிசையில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன ஆண்டு அது.

சில வாரங்களுக்கு முன், ஓர் இரவு, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் இணையத்தில் போட்டிருக்கும் ஓவியங்களைச் சும்மா தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தின் கீழே 1794–1795 என்று இருந்தது. கை நின்றுவிட்டது.

படத்தில் கோட்டையும் இல்லை, கப்பலும் இல்லை. பெரிய வீட்டின் உயரமான அறை ஒன்று. சுவர் முழுக்க ஓவியங்கள். சட்டத்தோடு சட்டம் ஒட்டி, கூரை வரை அடுக்கி மாட்டியிருக்கிறார்கள். இன்றைய அருங்காட்சியகங்களில் ஒரு படத்துக்கு ஒரு சுவர் கொடுப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏதோ கடை மாதிரித் தெரியும். கீழே முழங்கால் வரைக் காற்சட்டையும் வெள்ளைக் காலுறையும் அணிந்த கனவான்கள் படம் பார்க்கிறார்கள், கதைக்கிறார்கள். முன்னால் நின்று விருந்தினரை வரவேற்பவர்தான் வீட்டுக்காரர், யான் கில்டமேஸ்டர். ஆம்ஸ்டர்டாம் வணிகர், போர்த்துக்கல் நாட்டின் கொன்சல் ஜெனரல். தன் சேகரிப்பை வைப்பதற்கென்றே 1792-இல் ஹேரன்கிராக்ட் கால்வாய்க் கரையில் இந்த வீட்டை வாங்கினார். ஏறக்குறைய 300 ஓவியங்கள் அவரிடம் இருந்தன.

வரைந்தவர் ஆட்ரியான் டி லேலி. 1755-இல் டில்பர்க் நகரில் பிறந்தவர். இப்படிச் சேகரிப்பாளர்களை அவர்களுடைய படங்களின் நடுவே நிறுத்தி வரைவதில் கெட்டிக்காரர். அதே கால்வாய்க் கரையில் வாழ்ந்த பிரென்டானோ என்பவரின் படக்கூடத்தையும் வரைந்திருக்கிறார். கில்டமேஸ்டர் படம் ஏறத்தாழ 64 சென்டிமீட்டர் உயரம், 86 அகலம். மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். நம் வீட்டுத் தொலைக்காட்சியைவிடச் சிறியது. அதற்குள் சுவரில் உள்ள சின்னச் சின்னப் படங்களும் தனித்தனியாகத் தெரியும்படி வரைந்திருக்கிறார்.

இதைக் கண்காட்சி என்று சொல்லலாமா? பார்வையாளர்கள் இருக்கிறார்கள், படங்கள் இருக்கின்றன. ஆனால் உள்ளே வருவதற்கு வீட்டுக்காரருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது யாராவது அறிமுகக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். கால்வாயில் படகு தள்ளியவர் இந்த அறைக்குள் நின்றிருக்க மாட்டார்.

இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். (எந்தப் பழைய மாளிகையைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி இதுதான்.) இவர் குடும்பம் லிஸ்பனோடு வியாபாரம் செய்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டானியல் கில்டமேஸ்டர் பிரேசில் வைரங்களை விற்கும் உரிமையைப் போர்த்துக்கல் அரசிடம் பெற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தார். சின்ட்ராவில் அவர் கட்டிய மாளிகை இன்றும் இருக்கிறது. அந்த வைரங்களை ஆற்று மணலில் அரித்து எடுத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும்.

கில்டமேஸ்டரிடம் இருந்த ஓவியங்களில் ஒன்று என்னை அதிகம் பிடித்து வைத்தது. ரெம்பிராண்ட் 1633-இல் வரைந்த "கப்பல் கட்டுநரும் மனைவியும்". கணவர் கையில் கவராயத்தோடு கப்பலின் வரைபடத்தில் மூழ்கியிருக்கிறார். மனைவி அவசரமாக உள்ளே வந்து ஒரு கடிதத்தை நீட்டுகிறார். ஒரு கை இன்னும் கதவுப் பிடியிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் எந்தப் பொறியியலாளருக்கும் அந்தக் கணம் தெரியும். அவர் பெயர் யான் ரைக்சன். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைக் கப்பல் கட்டுநர், அதில் பங்கும் வைத்திருந்தவர். அவர் 1637-இல் இறந்தார். 21 ஆண்டுகள் கழித்து, 1658-இல், அதே கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது. மன்னார் முத்து, சாயவேர், யாழ்ப்பாணத்தில் விற்கப்பட்ட யானைகள் எல்லாம் அதன் கணக்கில் ஏறின.

இனி அந்த ஆண்டுக்கு வருகிறேன். 1794–95 குளிர்காலம் கடுமையானது. ஆறுகள் உறைந்தன, பிரெஞ்சுப் படை பனிக்கட்டி மேலேயே நடந்து வந்தது. 1795 ஜனவரி 18 அன்று நாட்டின் பரம்பரைத் தலைவரான ஐந்தாம் வில்லியம், ஸ்கேவனிங்கன் கடற்கரையிலிருந்து மீன்பிடிப் படகில் ஏறி இங்கிலாந்துக்கு ஓடினார். அங்கே கியூ என்ற இடத்திலிருந்து ஒல்லாந்தக் குடியேற்றங்களின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்: பிரெஞ்சுக்காரர் கையில் விழாமல் இருக்க, பிரித்தானியப் படைகளை உள்ளே விடுங்கள். பிரித்தானியர் அந்தக் கடிதத்தைக் காட்டியும், தேவைப்பட்ட இடத்தில் சுட்டும், ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஓகஸ்டில் திருகோணமலை விழுந்தது. செப்டம்பர் 28 அன்று யாழ்ப்பாணம் சண்டையில்லாமல் சரணடைந்தது. அடுத்த பெப்ரவரியில் கொழும்பு.

யாழ்ப்பாணத்தவர் யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. உறைந்த ஆறும் ஓடிப்போன ஒருவரின் கடிதமும் அவர்களின் ஆட்சியாளரை மாற்றின. டி லேலி பட்டுக் காலுறைகளின் பளபளப்பைத் தீட்டிக்கொண்டிருந்த அதே காலம்தான் இது. படத்தில் அதன் தடயமே இல்லை. எல்லோரும் மிக அமைதியாக நிற்கிறார்கள்.

வில்லியம் ஹேக் நகரில் 1774-இல் திறந்த தன் படக்கூடத்தையும் விட்டுத்தான் ஓடினார். பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து ஏறக்குறைய 200 ஓவியங்களைப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். நெப்போலியன் தோற்றபின் 1815-இல்தான் பல திரும்பின. மற்றவன் நாட்டுப் பொருளை அள்ளுவது என்றால் என்னவென்று ஒல்லாந்தரும் அப்போது தெரிந்துகொண்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். தெரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

கில்டமேஸ்டர் 1799-இல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பனியின் உரிமமும் அந்த ஆண்டின் கடைசி நாளோடு முடிந்தது. 1800 மே 31 அன்று ஹேக் நகரில் நாட்டின் முதல் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. இன்றைய ரைக்ஸ்மியூசியத்தின் தொடக்கம் அதுதான். அடுத்த மாதமே கில்டமேஸ்டரின் படங்கள் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தன. கப்பல் கட்டுநரை 1811-இல், பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் ஆன இளவரசர் 5000 கினிக்கு வாங்கினார். இன்றும் அது பிரித்தானிய அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வெர்மீரின் "வானியலாளர்" பல கைகள் மாறி, பாரிசில் ரோத்சைல்ட் குடும்பத்திடம் இருந்தபோது 1940-இல் நாஜிகளால் கொள்ளையடிக்கப்பட்டு, போருக்குப் பின் திரும்பக் கிடைத்து, இப்போது லூவரில் தொங்குகிறது.

டி லேலியின் சின்னப் பலகை மட்டும் ஆம்ஸ்டர்டாமிலேயே இருக்கிறது. நேரம் இருந்தால் இணையத்தில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். அறிமுகக் கடிதம் தேவையில்லை. சுவரில் எந்தப் படம் எது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் நான் இரவு 2 மணி வரை உட்கார்ந்திருந்தேன், அடுத்த நாள் காலைக் கூட்டத்துக்குப் பிந்திப் போனேன்.