மைசூர்ச் சிற்பியின் கண்ணாடி

அயோத்தியில் 2024 ஜனவரி 22 அன்று பிரதிஷ்டை ஆன பாலராமர் சிலையைச் செதுக்கியவர் மைசூர்க்காரரான அருண் யோகிராஜ். கல்லும் மைசூர் மாவட்டத்து எச்.டி. கோட்டை வட்டாரத்தில் எடுத்ததுதான். அப்போது வந்த பாராட்டுச் செய்திகளுக்கு நடுவே அவர் குடும்பத்தார் சொன்ன தகவல் ஒன்றும் அச்சேறியது. கல் கடினமானது, செதுக்கும்போது கூரிய சில்லு ஒன்று அவர் கண்ணைத் தாக்கியது, அறுவைச் சிகிச்சை செய்து அதை எடுக்க வேண்டியிருந்தது, அந்த வலியிலும் அவர் வேலையை விடவில்லை. பக்திக்கு இது சான்று என்று எழுதினார்கள், இருக்கட்டும். தொழிலின் வரலாற்றைப் பார்ப்பவருக்கு இதில் வேறொரு கேள்வி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கல்லோடு புழங்கும் ஊரில், உளியும் சுத்தியும் போலக் கண்காப்புக் கண்ணாடி ஏன் ஒரு தொழில் சாமானாக ஆகவில்லை? அறியாமை, அலட்சியம் என்பது வழக்கமான பதில். என் கணிப்பில் குறை பெரும்பாலும் கண்ணாடியில்தான் இருந்தது. போட்டுக்கொண்டு வேலை பார்க்க முடியாத பொருளாகவே அது வெகுகாலம் இருந்தது.

மைசூரின் பழைய மர அரண்மனை 1897-இல் அரசகுடும்பத் திருமணத்தின்போது எரிந்துபோனது. ஹென்றி இர்வின் வடிவமைத்த இன்றைய கல் அரண்மனை 1912-இல் முடிந்தது. கருங்கல் தூண்கள், தந்தம் இழைத்த ஈட்டிமரக் கதவுகள் எல்லாம் கைவேலைக்காரர்களின் உழைப்பு. அந்த நாளில் உலகச் சந்தையில் கண்காப்பே இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் கல் உடைப்போருக்குக் கம்பி வலைக் கண்ணாடி இருந்தது. அது வியர்வையில் மங்காது, ஆனால் பொடியைத் தடுக்காது. வலையின் ஊடே நுணுக்கமான கோட்டைப் பார்க்கவும் முடியாது. கண்ணாடி வில்லை போட்டதோ கனமானது, பலத்த அடி பட்டால் தானே உடைந்து கண்ணுக்குள் போகும். இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒட்டுப்படலம் வைத்து, உடைந்தாலும் சிதறாமல் இருக்கும் கண்ணாடிக்கு பிரான்சின் எடுவார் பெனடிக்டஸ் காப்புரிமை பெற்றது 1909-இல்தான். சித்திரை வெயிலில், குனிந்து உட்கார்ந்து, நெற்றி வியர்வை புருவத்தில் வழிய, ஒரு மூக்கு நுனியின் வளைவைத் தேடிக்கொண்டிருக்கும் சிற்பி இவற்றில் எதை மாட்டிக்கொள்வார்? முகத்தைச் சற்றுத் திருப்பி, இமையைச் சுருக்கி, சில்லு தெறிக்கும் திசைக்கு விலகி உட்காருவதே அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. அன்றைய நிலையில் அது விவேகமான தேர்வு என்றே சொல்வேன்.

நிலைமையை மாற்றியது மின்சாரம். மைசூர் சமஸ்தானத்தில் சிவனசமுத்திரத்து மின்சாரம் 1902-லேயே கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது. சிற்பியின் கைக்கு அது கிரைண்டராக வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும் 4 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு, கணக்குப் போட்டால், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதிலிருந்து கிளம்பும் துகளுக்கு முன்னால் இமை சுருக்கும் பழக்கம் எதற்கும் உதவாது. சிறு பட்டறைக்குச் சட்டமும் துணைக்கு வரவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, துகள் தெறிக்கும் வேலைகளுக்குத் தகுந்த திரையோ கண்ணாடியோ தர வேண்டும் என்றது. நல்ல பிரிவுதான். ஆனால் அந்தச் சட்டம் மின்விசையோடு பத்துப் பேர், மின்விசை இல்லாமல் இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்காக எழுதப்பட்டது. அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் வேலை செய்யும் பட்டறை அதன் கண்ணில் படவில்லை. வீட்டுச் சுவரில் துளை போடுகிறவரும் படவில்லை. தொழிற்சாலையின் இயந்திரம் வீட்டுக்குள் வந்தபோது அதன் காவல் விதிகள் கூடவே வரவில்லை.

பாட்டன் பூட்டன் காலத்தில் யார் கண்ணாடி போட்டார்கள், அவர்கள் கண் நன்றாகத்தானே இருந்தது என்று கேட்பார்கள். கண் போனவர்கள் தொழிலை விட்டு விலகியிருப்பார்கள். வம்சக் கதையில் அவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. பாட்டன் பூட்டன் கையில் கிரைண்டரும் இல்லை. பவர் கண்ணாடியே போதுமே என்பது அடுத்த வாதம். அதற்குப் பக்கவாட்டு மறைப்பு கிடையாது. அதன் வில்லை அடி தாங்குவதற்காகச் சோதிக்கப்பட்டதும் அன்று. இவற்றைவிட வலுவானது தொழில்காரர்களின் ஆட்சேபம். சிற்பிக்குக் கல்லின் மேல் விழும் ஒளிதான் அளவுகோல், கீறல் விழுந்த, மூச்சுக்காற்றில் மங்கிய கண்ணாடி வேலையையே கெடுத்துவிடும் என்கிறார்கள். இதை நான் மறுக்கவில்லை, என் வாதமே இதுதான். வசதி இல்லாத கண்ணாடி ஐந்து நிமிடத்தில் நெற்றிக்கு ஏறிவிடும். நெற்றியில் இருக்கும் கண்ணாடி எவ்வளவு உறுதியானதாக இருந்து என்ன?

இந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லும் பொருள் 1953-இல் பிறந்தது. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலும் தனித்தனியே உருவான பாலிகார்பனேட், கண்ணாடியைவிட லேசானது, அடிபட்டாலும் எளிதில் நொறுங்காது. சீக்கிரம் கீறல் விழும் என்பது அதன் குறை. அதற்காகவே மேலே பூச்சு தருகிறார்கள். ஆகவே கல்பொடி படிந்த வில்லையைத் துண்டால் துடைக்கக் கூடாது, முதலில் தண்ணீரில் அலச வேண்டும். வாங்கும்போது ஐ.எஸ். 5983 அல்லது இ.என். 166 குறியீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீதி நேரத்தை முகத்தில் பொருந்துகிறதா என்று பார்ப்பதில் செலவிடலாம். குனிந்தால் நழுவக் கூடாது, காதுக்குப் பின்னால் அழுத்தக் கூடாது, புருவத்துக்கும் வில்லைக்கும் நடுவே காற்று போக வேண்டும். பவர் கண்ணாடி போடுபவர் அதன் மேலேயே அணியும் அகல வகையைத் தேட வேண்டும்.

தோட்டக்காரர்களுக்கு இது சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். தசராவில் மலர்க் கண்காட்சி நடத்தும் ஊரில் வீட்டுத் தோட்டத்துக்குக் குறைவில்லை. புல்வெட்டியின் நைலான் நரம்பு கல்லை எறியும். கிளை கழிக்கும்போது இலையோ முள்ளோ கண்ணைக் கீறினால் ஆபத்து காயத்தோடு நிற்பதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி பிடிபட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குப் பூஞ்சை. பூஞ்சைப் புண் ஆற வாரக்கணக்காகும், ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும். மர நிழலில் வேலை என்றால் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், தெளிந்த வில்லையே சரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இதைக் கடையில் விலை கேட்கும் முன் முகத்தில் மாட்டி, பத்து நிமிடம் குனிந்து நிமிர்ந்து பாருங்கள். கழற்றத் தோன்றினால் வாங்காதீர்கள்.